நண்டின் மேல் போட்ட பழி

பிரேமிளாவைப் போல ஆண்டவரோடு கதைக்கிற ஆளை இரணைமடுக் குளத்துக்குக் கீழே எந்த வாய்க்கால் வழியே தேடினாலும் காண முடியாது. ஜெபம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் நிற்பது மட்டும்தான் என்று நினைக்கிற ஆள் அல்ல அவள். குசினியில் உப்புப் போத்தலைக் காணவில்லையென்றால், "ஆண்டவரே, இப்ப கையில இருந்ததை எங்க வைச்சனான்?" என்பாள். ஆட்டுக்கு வயிறு ஊதினாலும் அவரிடம்தான் முறைப்பாடு. மாங்குளம் பஸ் நேரத்துக்கு வந்துவிட்டாலும் அவருக்குத்தான் நன்றி. மகள் சுரேகாவுக்குக் கணக்குப் பாடத்தில் ஏ வந்தது அவரால். மேசன் வேலைக்குப் போன புருசன் நடராசா மதிலில் இருந்து விழுந்து காலை மட்டும் சுளுக்கிக்கொண்டு வந்ததும் அவரால்.

"பாவமடி அந்த மனுசன். அவருக்கு வேற வேலை இல்லையே?" என்று பக்கத்து வளவுச் சிவலட்சுமி சிரிப்பாள்.

"இல்லை. எனக்கெண்டு சும்மாதான் இருக்கிறார்" என்பாள் பிரேமிளா.

சிவலட்சுமி சைவக்காரி. நெற்றியில் திருநீறு, நடுவில் பொட்டு. புருசன் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். அந்தப் பொட்டைப் பற்றிக் கதைக்க ஊரில் ஒருவருக்கும் இன்றுவரை வாய் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டியிருப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வயது. இரண்டு பேருடைய தாய் தகப்பனும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து எழுபத்தேழாம் ஆண்டு அடிவாங்கி ஓடி வந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய சனம். சண்டை முடிந்து செட்டிகுளம் முகாமில் இருந்தபோது இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம்.

முகாமில் தண்ணீர் பவுசர் வந்தால் ஆளை ஆள் மிதித்துக்கொண்டு வரிசை நிற்கும். பிரேமிளா அப்போது சுரேகாவை வயிற்றில் வைத்துக்கொண்டு நாலடி நடக்க முடியாமல் இருந்தாள். சிவலட்சுமிதான் இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு போவாள். வரிசையில் பிரேமிளாவின் வாளியை முன்னுக்கும் தன்னுடையதைப் பின்னுக்கும் வைப்பாள். பின்னால் நிற்பவர்கள் கத்தினால், "பிள்ளைத்தாச்சியின்ர வாளி. ஆருக்கு என்ன?" என்று திருப்பிக் கத்துவாள். பவுசரில் தண்ணீர் ஒரு வாளியோடு முடிந்துபோன நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் நிரம்பியது எந்த வாளி என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் பிரேமிளா சபைக்குப் போகத் தொடங்கினாள். குழந்தை ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்தபோது பாஸ்டர் ராஜரத்தினம் ஒவ்வொரு நாளும் சைக்கிள் உழக்கி வந்து, தகரக் கொட்டிலின் வாசலில் இருந்து ஜெபித்துவிட்டுப் போனார். யாரும் யாரையும் எட்டிப் பார்க்காத காலம் அது. அவள் போனதற்குச் சிவலட்சுமி கோபிக்கவில்லை. "நீ ஆரையெண்டாலும் கும்பிடு. பொய் சொல்லாமக் கும்பிடு" என்று மட்டும் சொன்னாள்.

இந்த வருசம் மாரி ஏமாற்றிவிட்டது. குளத்தில் தண்ணீர் குறைவு. சிறுபோகத்துக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் மட்டும் விதைக்க விட்டார்கள். அதற்கும் பத்து நாளைக்கு ஒருதரம், காலை ஆறு மணியில் இருந்து பகல் பன்னிரண்டு வரை, முறை வைத்துத்தான் தண்ணீர். வாய்க்காலின் கடைசி வயல் பிரேமிளாவுடையது. அதற்கு அடுத்த மேல் வயல் சிவலட்சுமியுடையது. கடைவயல்காரரின் பாடு எப்போதும் திண்டாட்டம்தான். வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிரேமிளாவின் முறை வந்தபோது, மேலே வாய்க்கால் கரை அரித்துப் பாதித் தண்ணீர் காட்டுக்குள் போய்விட்டது. மிச்சம் அவளுடைய மடைக்கு வந்து சேர மணி பதினொன்றரை. வயலின் ஒரு மூலை நனைந்தது, அவ்வளவுதான். நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளுக்குள் உருண்டு வெளியே வரக் காத்திருக்கிற இந்த நேரத்தில் தண்ணீர் காணாவிட்டால் வருவதெல்லாம் மணியில்லாத சப்பிதான். அதை வைத்துக் கோழிக்குக்கூடச் சோறு போட முடியாது.

அன்று பின்னேரம் சபையில் ஐந்து பெண்கள் அவளுடைய வயலுக்காக உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். முன்னுக்கு நின்று நடத்தியது மீனம்மா அக்கா. அவாவுடைய ஜெபம் பரலோகத்துக்குக் கேட்கிறதோ இல்லையோ, கிளிநொச்சிச் சந்தைக்குக் கேட்கும். "ஆண்டவரே, வழியைத் திறவும்! இந்தச் சகோதரிக்குத் தண்ணியின் வழியைத் திறவும்!" என்று அவா கத்தக் கத்தப் பிரேமிளாவும் அழுது கேட்டாள்.

மறுநாள் ஞாயிறு பின்னேரம் சிவலட்சுமி வேலியடியில் வந்து நின்றாள்.

"பிரேமி, நான் வட்டாப்பளை அம்மாளாச்சி கோயில் பொங்கலுக்குப் போறன். நாளைக்கு விடியப்புறம் முதல் பஸ். செவ்வாய் காலமைதான் வருவன்."

"போட்டு வா."

"நாளைக்கெல்லே என்ர முறை? விடிய ஆறு மணிக்கு நீ ஒருக்காப் போய் என்ர மடையைத் திறந்து விடுறியே? ஊர்ச்சனம் முழுக்கப் பொங்கலுக்கு வெளிக்கிட்டிட்டுது. நிக்கிற ஒண்டு ரெண்டு பேரை நம்பி விடேலாது. நீயெண்டால் எனக்குப் பயமில்லை. சபைக்குப் போற சனம் களவு செய்யாது."

"ஓம், நான் பார்க்கிறன். நீ யோசியாமப் போ" என்றாள் பிரேமிளா. அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனாள். வாய்க்கால் தலைப்பில் கதவைத் திறந்துவிடுகிறவர் திறந்துவிட்டுத் தன்பாட்டில் போயிருந்தார். நல்ல தண்ணீர். இவ்வளவு தண்ணீரை அந்த வாய்க்காலில் அவள் இந்தப் போகத்தில் கண்டதேயில்லை. சுற்றி ஒரு குஞ்சு குருமான் இல்லை. சிவலட்சுமியின் மடை மண்மூட்டை அடுக்கி அடைத்தபடி கிடந்தது. நாலு மூட்டையை இழுத்துப் போட்டால் போதும், அவளுடைய வயலுக்குப் பாயும். இழுக்காமல் விட்டால் நேரே கீழே போகும். கீழே பிரேமிளாவின் வயல், விரல் போகிற அளவு வெடித்துக் கிடந்தது.

ஒரு மணித்தியாலம், ஒரே ஒரு மணித்தியாலம் என்று நினைத்தாள்.

அந்த நினைப்போடு இன்னொரு நினைப்பும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. அதுதான் பொல்லாதது. சனிக்கிழமை வழியைத் திறவும் என்று கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை லட்சுமி தானாக வந்து மடையை என் கையில் தந்துவிட்டுப் போகிறாள். இது யாருடைய வேலை? அவள் கோயில் கோயில் என்று வயலை விட்டுவிட்டுப் போனாள், ஆண்டவர் தம்முடைய பிள்ளைக்குத் தந்துவிட்டார். இப்படி நினைத்தாள் அவள். களவெடுக்கிறவன் யாரும் தன்னைக் கள்ளன் என்று சொல்லிக்கொண்டு களவெடுப்பதில்லை. ஆனால் களவுக்கு ஆண்டவரைக் கூட்டாளியாகச் சேர்க்க எங்களைப் போலச் சபைக்குப் போகிற ஆட்களால்தான் முடியும்.

ஏழு மணிக்குத் தண்ணீர் அவளுடைய வயலின் நடுவுக்குத்தான் வந்திருந்தது. வெடிப்புகள் அவ்வளவையும் குடித்துவிட்டன. இன்னும் கொஞ்சம் என்றாள். எட்டு மணிக்கு, அந்தக் கடைசித் தொங்கல் மட்டும் என்றாள். ஒன்பது மணிக்கு ஒன்றும் சொல்லவில்லை, வரம்பில் குந்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தரைக்குத்தான் எழும்பிச் சிவலட்சுமியின் மடையைத் திறந்தாள். மேலே கதவைத் தணித்துவிட்டார்களோ என்னவோ, அப்போது தண்ணீர் மெலிந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு வாய்க்கால் வற்றியபோது சிவலட்சுமியின் வயலில் கால்வாசிகூட நனையவில்லை.

வீட்டுக்கு வந்தாள். சிவப்புக் கோழியைக் காணவில்லை. "ஆண்டவரே" என்று வாயெடுத்தாள். மிச்சம் வரவில்லை. கோழியைத் தானே தேடிப் பிடித்துக்கொண்டு வந்து கூட்டில் அடைத்தாள்.

செவ்வாய் காலை சிவலட்சுமி பஸ்ஸால் இறங்கி நேரே பிரேமிளாவின் வீட்டுக்குத்தான் வந்தாள். பொங்கல் பார்த்த களைப்பில் கண் சிவந்திருந்தது. கையில் ஒரு பை கச்சான் கடலை.

"இந்தா. பயப்பிடாத, படைச்சதில்லை. நீ தின்னமாட்டாய் எண்டு தெரியும். வெளியில கடையில வாங்கினது. சூட்டோட வறுத்துத் தந்தவன்."

கோயிலுக்குப் போனவள், அந்தச் சன நெருக்கத்தில் நின்று, சபைக்குப் போகிறவள் சாப்பிடக்கூடியது எது என்று யோசித்து வாங்கியிருக்கிறாள். பிரேமிளா பையை வாங்கினாள்.

பத்து நிமிசத்தில் சிவலட்சுமி வயலில் இருந்து திரும்பி ஓடி வந்தாள். "என்னடி இது? மடையடியில மட்டும்தான் ஈரம். தண்ணி வரேல்லையே?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திராது. பிரேமிளாவின் வாயில் இருந்து வந்தது வேறு.

"வந்தது, நல்லாத்தான் வந்தது. உன்ர கீழ் வரம்பில எங்கயோ நண்டுப் பொந்து இருக்குப் போல. நிண்ட தண்ணி முழுக்க வடிஞ்சு என்ர வயலுக்கு இறங்கியிட்டுது. நானும் இண்டைக்கு விடியத்தான் கண்டனான்."

சிவலட்சுமி தன் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "சரி, என்ன செய்யிறது. காட்டுக்குப் போகேல்லைத்தானே. உனக்குத்தானே பாஞ்சது."

ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். இதைத் தாங்க முடியவில்லை. அவள் போன பிறகு பிரேமிளா கச்சான் பையைக் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒளித்து வைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் ஒரு பை கச்சானை மறைக்கமாட்டாளா?

புதன்கிழமை முழுவதும் சிவலட்சுமி வரம்பில் நண்டுப் பொந்து தேடினாள். இல்லாத பொந்தைக் கண்டுபிடிப்பது லேசா? குனிந்து குனிந்து பார்த்தாள், காலால் மிதித்தாள், தடியால் குத்தினாள். சின்னச் சின்ன ஓட்டை எல்லாவற்றையும் களிமண் உருட்டி அடைத்தாள். தனியாகப் பாடுபடுகிறாளே என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் பிரேமிளாவும் இறங்கினாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து பொந்து அடைத்தார்கள்.

"நீ ஏனடி கஸ்டப்படுறாய்? உனக்கு இடுப்பு நோவெல்லே" என்றாள் சிவலட்சுமி.

பிரேமிளா களிமண்ணை உருட்டிக்கொண்டே இருந்தாள். தலையை நிமிர்த்தினால் அழுதுவிடுவாள் என்று இருந்தது.

வியாழக்கிழமை மீனம்மா அக்கா நாலு பெண்களோடு ஜெபிக்க வந்தா. வயலைக் கண்டதும் வரம்பிலேயே நின்றுவிட்டா. சுற்றி எல்லாம் வாடிக் கிடக்க, கடைசி வயல் மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கதிர் எட்டிப் பார்த்தது.

"என்ன பிள்ளை நடந்தது?"

பிரேமிளா நண்டுக் கதையைச் சொன்னாள். பொய்யை ஒருதரம் அவிழ்த்துவிட்டால் அது தானே இரை தேடிக்கொள்ளும்.

"நண்டு!" என்று இரண்டு கையையும் மேலே தூக்கினா மீனம்மா அக்கா. "கேட்டியளே? நாங்கள் வழியைத் திறவும் எண்டு கேட்டம். ஆண்டவர் ஒரு நண்டை அனுப்பி வழியைத் திறந்திருக்கிறார்! அற்புதம்! ஞாயிற்றுக்கிழமை நீ சாட்சி சொல்லத்தான் வேணும். நான் பாஸ்டருக்கு இப்பவே எடுத்துச் சொல்லுறன்."

"வேண்டாம் அக்கா, எனக்கு மைக்கில கதைக்க வராது..."

"ஆண்டவர் செய்ததை மறைக்கிறதும் பாவம், தெரியுமே?"

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே களவுக்கு நண்டு சாட்சி, நண்டுக்கு மீனம்மா அக்கா சாட்சி. வெள்ளிக்கிழமைக்குள் கடையடியிலும் பஸ்ஸிலும் இதுதான் கதை.

சனிக்கிழமை பின்னேரம் சிவலட்சுமி வேலியடிக்கு வந்தாள். இந்த முறை குரல் தணிந்திருந்தது.

"பிரேமி, நாளைக்கு நானும் உங்கட சபைக்கு வரட்டே?"

"நீயோ? ஏன்?"

"எல்லாரும் கதைக்கினம். நீங்கள் கேட்டியள், அவர் தந்தவர் எண்டு. என்ர நெல்லைப் பார்த்தனீயே? அடுத்த முறைக்கு இன்னும் அஞ்சு நாள் கிடக்கு. அதுவரைக்கும் தாங்காது. அம்மாளாச்சியிட்டயும் சொல்லிப்போட்டன், அவா கோவிக்கமாட்டா. உன்ர ஆண்டவரிட்டயும் ஒருக்காக் கேட்டுப் பார்ப்பம் எண்டு..." சிவலட்சுமி வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டாள். "வருசத்துச் சாப்பாடடி அது. வேற என்ன இருக்கு எனக்கு? பொட்டோட வந்தால் ஏசுவினமே?"

"ஏசமாட்டினம்" என்றாள் பிரேமிளா.

ஐந்து நாளாக ஒரு வார்த்தை பேசாத ஆண்டவரிடம் அன்று அவள் முழங்காலில் நின்றாள். நாளைக்கு மழை பெய்து சபை நடக்காமல் போகவேண்டும் என்று கேட்கத்தான் வந்தது. மழை பெய்தால் லட்சுமியின் வயலும் நனையுமே என்றும் நினைத்தாள். இரண்டையும் கேட்க முடியாமல் வெட்கப்பட்டு எழும்பிவிட்டாள். வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை.

ஞாயிறு சபை நிரம்பியிருந்தது. தகரக் கூரையின் கீழ் நாலு காற்றாடி. முன்னுக்குக் கதிரைகள், பின்னுக்குப் பாய். சிவலட்சுமி கலியாண வீட்டுக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, கடைசிப் பாயில் சுவரோடு ஒட்டி இருந்தாள். பாட்டு முடிந்தது. சாட்சி நேரம் வந்தது. ஒரு பிள்ளை சோதனையில் பாஸ் பண்ணியதைச் சொன்னது. ஒரு ஐயா முதுகு வலி மாறியதைச் சொன்னார். பிறகு பாஸ்டர், "இப்ப நாங்கள் எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிற சாட்சி. சகோதரி பிரேமிளா வாங்கோ" என்றார்.

பிரேமிளா மைக்கைப் பிடித்தாள். அது கீச்சிட்டது. "இந்த நாள் வரைக்கும் என்னைக் காத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று எல்லோரும் தொடங்குகிற மாதிரியே தொடங்கினாள்.

"அல்லேலூயா!" என்றா மீனம்மா அக்கா.

அப்போதுதான் பிரேமிளா கடைசிப் பாயைப் பார்த்தாள். சிவலட்சுமி கோயிலில் நிற்கிற மாதிரிக் கையைக் குவித்துக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். உதடு அசைந்தது. தன் நெல்லுக்காகக் கேட்கிறாள். ஒரு பொய்யை நம்பிக் கேட்கிறாள். இந்த வாயால் இன்னும் நாலு வசனம் சொன்னால் போதும், அவள் நாளைக்கும் வருவாள், நாளை மறுநாளும் வருவாள், தன் வயல் காய்ந்ததற்குத் தன் விசுவாசம் போதாது என்று நினைத்து அழுவாள். தண்ணீரை எடுத்தது போதாதென்று இதையும் எடுக்கப் போகிறேனா என்று பிரேமிளா நினைத்தாள்.

"என்ர வயலுக்குத் தண்ணி வந்தது நண்டால இல்லை" என்றாள்.

"ஸ்தோத்திரம்!" என்றா மீனம்மா அக்கா.

"நான் களவெடுத்தனான்."

"அல்லே..." என்று பழக்கத்தில் தொடங்கிய மீனம்மா அக்காவின் கை பாதி வழியில் நின்றது.

"திங்கக்கிழமை சிவலட்சுமியின்ர முறை. என்னை நம்பி மடையைப் பார்க்கச் சொல்லிப்போட்டுப் போனவள். நான் அவளின்ர மடையைத் திறக்காம நாலரை மணித்தியாலம் என்ர வயலுக்குப் பாய்ச்சினனான். நண்டும் இல்லை, பொந்தும் இல்லை. ஆண்டவர் தந்தது எண்டு எனக்கு நானே சொன்னனான். அவர் தரேல்லை. நான் எடுத்தனான்."

பாஸ்டர் எழும்பி வந்து மைக்கை மெதுவாக வாங்கினார். நல்ல மனிதர், ஆளைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "சகோதரி தன்ர பாவத்தை எல்லாருக்கும் முன்னால அறிக்கை செய்திட்டா. எங்கட ஆண்டவர் மன்னிக்கிற ஆண்டவர். அவர் இப்பவே மன்னிச்சிட்டார் எண்டு விசுவாசிப்பம்..."

"அவர் மன்னிப்பார்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவலட்சுமி எழும்பி நின்றாள். நெற்றிப் பொட்டு வேர்வையில் கரைந்து மூக்குக்கு இறங்கியிருந்தது.

"அவர் ஏன் மன்னிக்கமாட்டார்? அவரின்ர வயலே காய்ஞ்சது?"

அவ்வளவுதான் சொன்னாள். செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போய்விட்டாள். பாஸ்டர் மைக்கைக் கீழே வைத்தார். "அவா சொல்லுறது சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். அன்று பிரசங்கம் பத்து நிமிசத்தில் முடிந்தது. வெளியே செருப்படியில் வைத்து அவர் பிரேமிளாவிடம் கேட்டது ஒன்றுதான்.

"உங்கட முறை எப்ப வருது?"

"நாளையிண்டைக்கு. செவ்வாய்."

"ம்" என்றார். அவரும் வயல் செய்கிற கமக்காரர்தான்.

இரண்டு நாளும் வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிரேமிளா நாலுதரம் வேலியடிக்குப் போய் நாலுதரமும் திரும்பி வந்தாள். போன் எடுத்தாள், மற்றப் பக்கம் தூக்கவில்லை. ஊரும் சும்மா இருக்கவில்லை. கடையடியில் அவளைக் கண்டதும் கதை நின்றது. அதெல்லாம் அவளுக்கு உறைக்கவேயில்லை. அவளுடைய காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. அவரின்ர வயலே காய்ஞ்சது?

செவ்வாய் காலை ஆறு மணிக்குப் பிரேமிளா தன் மடையை மண்மூட்டை வைத்து இறுக்கி அடைத்தாள். மேலே போய்ச் சிவலட்சுமியின் மடையில் இருந்த நாலு மூட்டையையும் இழுத்துப் போட்டாள். தண்ணீர் திரும்பியது. காய்ந்த மண் உஸ் என்று குடித்தது. அவளுடைய வயலிலும் ஈரம் போய் மேல்மண் வெளுக்கத் தொடங்கியிருந்தது. கதிர் வருகிற நேரம், அதற்கும் தண்ணீர் வேண்டும்தான். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள்.

எட்டு மணியளவில் சிவலட்சுமி வந்தாள். வரம்பில் நின்று தன் வயலுக்குள் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"என்ர முறை. உனக்கு விட்டிருக்கிறன்."

"உன்ர நெல்லு?"

"அது கிடக்கட்டும்."

"ஓகோ, பெரிய தியாகி." சிவலட்சுமி மண்வெட்டியை வரம்பில் குத்தினாள். "ஒரு நாள் முழுக்க நண்டுப் பொந்து தேடினனான். நண்டு கொழுத்தால் வளையில இராது எண்டு சும்மாவே சொல்லுறவை? கொழுத்த நண்டு எனக்குப் பக்கத்திலயே நிண்டு களிமண் உருட்டித் தந்தது. என்ன மனமடி உனக்கு?"

பிரேமிளா கையில் ஒட்டியிருந்த சேற்றை வழித்தாள்.

"அண்டைக்கு உன்ர ஆண்டவர் பார்த்துக்கொண்டுதானே நிண்டவர்?"

"ஓம்."

"ஒண்டும் சொல்லேல்லையே?"

"சொன்னவர். நான்தான் கேக்கேல்லை." பிரேமிளா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "முகாமில என்ர வாளியை முன்னுக்கு வைச்சவளுக்கு நான் இதைச் செய்தனான் லட்சுமி. பாஸ்டர் மன்னிப்பு எண்டு சொன்னது எனக்கு ஏறவேயில்லை. நீ சொன்னதுதான் சரி. அவரின்ர வயல் காயேல்லை. உன்ர வயல்தான் காய்ஞ்சது."

அவள் வரம்பிலேயே குந்தியிருந்து விம்மி விம்மி அழுதாள். சிவலட்சுமி அவளை அழவிட்டுவிட்டு வயலுக்குள் இறங்கி நாலு குடலையைப் பிரித்துப் பார்த்தாள். கொஞ்சம் போய்விட்டது, கொஞ்சம் உயிரோடு இருந்தது. ஏறி வந்தாள். அடைத்திருந்த கீழ் மடைக்குப் போய், காலால் ஒரு மூட்டையைத் தள்ளினாள், பிறகு இன்னொன்றைத் தள்ளினாள். தண்ணீர் பிரிந்து பாதி பிரேமிளாவின் வயலுக்கு இறங்கியது.

"வேண்டாம் லட்சுமி, விடு..."

"வாயைப் பொத்து. நெல்லுப் பிள்ளையள் உனக்கு என்ன செய்ததுகள்? அழுதது காணும். கண்ணீர் உப்புத் தண்ணி, வயலுக்குக் கூடாது."

பிரேமிளா மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "என்னை மன்னிச்சிட்டியே?"

சிவலட்சுமி யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், நன்றாகத்தான் யோசித்தாள்.

"அரைவாசி" என்றாள். "போய் உன்ர ஆண்டவரிட்டச் சொல்லு, வயல் காய்ஞ்சவள் அரைவாசி மன்னிச்சிருக்கிறாள் எண்டு. மிச்சம் அறுவடை பார்த்துத்தான்."

பிரேமிளாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. சபையில் கிடைத்த முழு மன்னிப்பு இறங்காத தொண்டையில் இந்த அரைவாசி இறங்கியது.

"அண்டைக்குத் தந்த கச்சான் திண்டனியே?" என்று கேட்டாள் சிவலட்சுமி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

"இல்லை. அப்பிடியே கிடக்கு."

"போய் எடுத்துக்கொண்டு வா. பன்னிரண்டு மணி வரைக்கும் இஞ்ச நிக்க வேணுமெல்லே? உன்னை நம்பி இனி நான் மடையை விட்டுட்டுப் போகமாட்டன்."

பிரேமிளா சேற்றுக் காலோடு வீட்டுக்கு ஓடினாள். குசினியில் பார்த்தாள், இல்லை. அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் பார்த்தாள், கட்டிலின் கீழ் பார்த்தாள், இல்லை. அங்கே லட்சுமி தனியே நிற்கிறாள், இனியும் சுணங்கினால் அதற்கும் ஏச்சு விழும்.

"ஆண்டவரே, அந்தக் கச்சான் பையை எங்க வைச்சுத் துலைச்சனான்?" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுடைய காதில் அது விழுந்தது. எட்டு நாளாகிவிட்டது. நடு வீட்டில், கையில் சேறும் கன்னத்தில் கண்ணீருமாக அப்படியே நின்றாள். பிறகு அலுமாரியைத் திறந்தாள். மேல் தட்டில், சுரேகாவின் புத்தகங்களுக்குப் பின்னால் பை இருந்தது. எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினாள்.